பிக்கப் வண்டியில் குளிர்பெட்டி: பொருத்தும் முறையும் மின்சாரம் கொடுக்கும் முறையும்

சிப்பிக் காளான் வளர்க்கும் விவசாயிகள் நன்கு அறிந்த நஷ்டம் ஒன்று உண்டு. விடியற்காலையில் பறிக்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும் காளான், கடை கடையாக ஏறி இறங்கி மதியம் ஆவதற்குள் பொட்டலத்தில் வியர்த்து, ஓரம் மஞ்சளித்து வாடிவிடுகிறது. காலையில் சொன்ன விலையை மதியம் எந்தக் கடைக்காரரும் கொடுப்பதில்லை. மீதியைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டியதுதான்.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க, வண்டி பாட்டரியில் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய பிரிட்ஜ் பெட்டிகளை இப்போது சில விவசாயிகள் வாங்கி, தங்கள் பிக்கப் வண்டியின் பாடியில் வைத்துக் கொள்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பெட்டியை வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. கோவை மாவட்டத்துக் காளான் விவசாயி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும்.

அவர் 60 லிட்டர் பெட்டி ஒன்று வாங்கினார். காலை 5 மணிக்குப் பறித்த 10 கிலோ காளானை அப்படியே பெட்டியில் அடுக்கி, வீட்டில் கிடந்த மெல்லிய ஒயரால் வண்டி பாட்டரியுடன் இணைத்துக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டார். ஒவ்வொரு கடையிலும் என்ஜினை நிறுத்தினார்; பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 11 மணிக்குச் சாவியைத் திருப்பியபோது வண்டி கிளம்பவில்லை. மூன்று பேர் தள்ளியும் பயனில்லை. மெக்கானிக் வேறு பாட்டரி கொண்டுவந்த பிறகே வண்டி கிளம்பியது. பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே 17 டிகிரி! காளான் பாதிக்கு மேல் வாடியிருந்தது.

பெட்டியில் பழுது ஏதும் இல்லை. சூடான சரக்கை உள்ளே வைத்தது, என்ஜின் நின்றிருக்கும்போது வண்டி பாட்டரியில் பெட்டியை ஓட்டியது, மெல்லிய ஒயரைப் பயன்படுத்தியது ஆகிய மூன்று தவறுகளே காரணம். இவற்றை எப்படித் தவிர்ப்பது என்பதைப் பார்ப்போம்.

எந்த வகைப் பெட்டி?

கடைகளில் இரண்டு வகைப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்று கம்ப்ரஸர் உள்ளது. வீட்டுப் பிரிட்ஜ் போலவே வேலை செய்யும். வெளியே 40 டிகிரி வெயில் இருந்தாலும் உள்ளே 4 டிகிரிக்குக் கொண்டுவரும். மற்றது கம்ப்ரஸர் இல்லாத, மின்தகட்டால் குளிரூட்டும் மலிவான பெட்டி. இது வெளி உஷ்ணத்தைவிடச் சுமார் 20 டிகிரிதான் குறைக்கும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18 டிகிரி. இதில் காளான் நிற்காது. மின்சாரமும் ஓயாமல் செலவாகும். விலை குறைவு என்று இதை வாங்கி ஏமாறக்கூடாது. கடையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “இதில் கம்ப்ரஸர் உண்டா?” என்பதே.

வீட்டில் உள்ள 230 வோல்ட் பிரிட்ஜை இன்வெர்ட்டர் வைத்து வண்டியில் ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இன்வெர்ட்டரிலேயே ஒரு பகுதி மின்சாரம் வீணாகும். வீட்டுப் பிரிட்ஜ் சாலைக் குலுக்கலுக்காகச் செய்யப்பட்டதும் அன்று. ஈரம்படும் இரும்புப் பாடியில் 230 வோல்ட் ஓடுவது உயிருக்கும் ஆபத்து.

குளிரை வீட்டிலேயே ஏற்றவேண்டும்

இது மிக முக்கியம். வண்டியில் உள்ள சிறிய பெட்டி, குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருக்கத்தான் ஏற்றது. சூடான சரக்கைக் குளிரவைக்க அதற்குச் சக்தி போதாது.

கணக்கைப் பாருங்கள். காளானில் பெரும்பகுதி நீரே. 10 கிலோ காளானை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர 25 டிகிரி இறக்கவேண்டும். 10 கிலோவை 25ஆல் பெருக்கினால் 250 கிலோ கலோரி. இவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும். 50 வாட் மின்சாரம் எடுக்கும் சிறிய கம்ப்ரஸர் மணிக்குச் சுமார் 65 கிலோ கலோரி சூட்டை வெளியே தள்ளும். அதே சமயம், கோடை நாளில் பெட்டியின் சுவர் வழியாக மணிக்குச் சுமார் 20 கிலோ கலோரி சூடு உள்ளே நுழையும். மிஞ்சுவது 45. ஆக 250 கிலோ கலோரியை எடுக்க 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பறித்த பிறகும் காளான் சுவாசித்துச் சூடு விடுவதால் இன்னும் சற்றுக் கூடும். அதற்குள் வியாபாரமே முடிந்துவிடும்!

ஆகவே காளானை முதல் நாள் மாலையிலேயே பறித்துப் பொட்டலம் கட்டி, இரவு முழுவதும் வீட்டுப் பிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்க வேண்டும். பொட்டலங்களை நெருக்கி அடைக்காமல், இடையே காற்றுப் போகும்படி அடுக்கவேண்டும். வண்டிப் பெட்டியையும் இரவே வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, காலியாகவே குளிரவைக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளுடன் இதற்கான அடாப்டரும் வருகிறது. காலையில் புறப்படும்போது குளிர்ந்த பெட்டியில் குளிர்ந்த சரக்கை மாற்றினால், அதற்குப் பின் பெட்டிக்கு வேலை மிகக் குறைவு.

இரண்டு ஐஸ் பாட்டில்கள்

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி சூட்டை உறிஞ்சுகிறது. ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டில் முக்கால் பாகத்துக்குச் சற்று மேல் நீர் நிரப்பி, வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் அறையில் இரவு உறையவைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டால் சுமார் 130 கிலோ கலோரி கையிருப்பு கிடைக்கிறது. சுவர் வழியாக வரும் சூடு மணிக்கு 20 என்று பார்த்தோம். அதாவது, பெட்டி ஓடாமல் நின்றிருந்தாலும் மூடியைத் திறக்காத வரை 6 மணி நேரம் வரை ஐஸே சமாளிக்கும். கடைதோறும் மூடியைத் திறந்து மூடினால் 3 மணி நேரமாவது தாங்கும்.

ஐஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே 20 கிலோ கலோரி 10 கிலோ காளானை மணிக்கு 2 டிகிரி சூடாக்கும். காசு செலவில்லாத இரண்டு பாட்டில்கள், விலை கொடுத்து வாங்கும் இரண்டாவது பாட்டரியின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. பாட்டில் காளான்மேல் நேராகப் படாமல் இடையே ஒரு அட்டை வைப்பது அவசியம். பட்டால் ஈரம் கோத்து அழுகும்.

வண்டி பாட்டரியின் இயல்பு

வண்டியோடு வரும் பாட்டரி, என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. சாவியைத் திருப்பியதும் சில விநாடிகளுக்கு 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும்; உடனே ஆல்டர்னேட்டர் அதை மீண்டும் நிரப்பிவிடும். இதற்காக அதன் தகடுகள் மெல்லியவையாக அமைந்திருக்கின்றன. மணிக்கணக்கில் சிறிது சிறிதாக மின்சாரத்தை இழுத்து அடிமட்டம் வரை காலியாக்கினால் தகடுகள் கெட்டுவிடும். இப்படிச் சில முறை நேர்ந்தாலே பாட்டரியின் ஆயுள் வெகுவாகக் குறையும்.

கம்ப்ரஸர் பெட்டி ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். வெயிலில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் சராசரி 2.4 ஆம்பியர். 8 மணி நேரத்தில் ஏறக்குறைய 20 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். சூடான சரக்கு வைத்தால் பெட்டி நிற்காமல் ஓடி 32 ஆம்பியர்-மணி இழுக்கும். ஓரளவு பழைய பாட்டரி இதைத் தாங்காது.

பாட்டரியின் நிலையைச் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றால் அறியலாம். எந்த வேலையும் இல்லாமல் சிறிது நேரம் நின்ற ஈயப் பாட்டரியில் 12.7 வோல்ட் இருந்தால் முழுதும் நிரம்பியிருக்கிறது. சுமார் 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போகவிடக்கூடாது.

மின்சாரம் கொடுக்க இரண்டு முறைகள்

முதல் முறை, என்ஜின் ஓடும்போது மட்டும் பெட்டியை ஓட்டுவது. என்ஜின் ஓடினால் மட்டும் இணைப்புக் கொடுக்கும் ரிலே ஒன்றை ஆட்டோ எலக்ட்ரீஷியன் பொருத்தித் தருவார். என்ஜினை நிறுத்தினால் பெட்டியும் நின்றுவிடும். வண்டி பாட்டரிக்கு ஆபத்தே இல்லை. நிற்கும் நேரத்தை ஐஸ் பாட்டில்கள் பார்த்துக்கொள்ளும். காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் வீடு திரும்பும் சிறு விவசாயிக்கு இதுவே போதுமானது. செலவும் குறைவு.

இரண்டாம் முறை, பெட்டிக்கென்று தனிப் பாட்டரி வைப்பது. நாள் முழுவதும் சந்தையில் வண்டியை நிறுத்தி விற்பவர்களுக்கு இது தேவைப்படும். 20 ஆம்பியர்-மணி செலவாகும் என்று பார்த்தோம். ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதால் 40 ஆம்பியர்-மணி வேண்டும். பாட்டரி பழசாகும்போது சக்தி குறையும். ஆகவே 60 ஆம்பியர்-மணி வாங்குவது நல்லது. குலுக்கலில் ஆசிட் சிந்தாத, மூடிய வகைப் பாட்டரியாகப் பார்த்து வாங்கவேண்டும். அதைக் காற்றோட்டம் உள்ள பெட்டியில் வைத்துப் பாடியிலேயே இறுகக் கட்டவேண்டும்; கேபினுக்குள் வைக்கக்கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி என்றால் 30 ஆம்பியர்-மணி போதும், எடையும் குறைவு, விலை கூடுதல். இதை வண்டியின் ஆல்டர்னேட்டருடன் நேராக இணைத்தால் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். இடையே டி.சி. சார்ஜர் என்ற கருவி கட்டாயம் வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கிறது. அத்தகைய வண்டிகளில் ஈயப் பாட்டரிக்கும் இந்தச் சார்ஜரே ஏற்றது. வாரண்டி முடியாத வண்டியில் ஒயரை வெட்டுமுன் வண்டி வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேபின்மேல் 100 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவியின் வழியாகத் தனிப் பாட்டரியை நிரப்புவதும் உண்டு. நல்ல வெயில் நாளில் இது சுமார் 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். தகட்டின்மேல் படியும் தூசியை அவ்வப்போது துடைக்கவேண்டும்.

ஒயரும் பியூஸும்

12 வோல்ட்டில் மெல்லிய ஒயர் பெரிய விரோதி. என்ஜின் பக்கமுள்ள பாட்டரியிலிருந்து பாடிக்கு 5 மீட்டர் என்றால், போகவும் வரவும் 10 மீட்டர் ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். பாட்டரியில் 12.2 வோல்ட் இருந்தாலும் பெட்டிக்கு 11.6தான் கிடைக்கும். பாட்டரி காலியாகிவிட்டது என்று எண்ணிப் பெட்டி தானே நின்றுவிடும். ‘பெட்டி சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல பெட்டிகளில் உண்மையான குற்றவாளி இந்த ஒயரே. 6 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போட்டால் வீணாவது 0.15 வோல்ட்டுக்கும் குறைவு.

கேபினில் உள்ள சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து இணைப்பு எடுப்பதும் நல்லதல்ல. குலுக்கலில் தளர்ந்து, சூடேறி, உருகிவிடும். திருகிப் பூட்டும் வகைப் பிளக் பொருத்தவேண்டும்.

பியூஸ் இல்லாமல் ஒருபோதும் இணைப்புக் கொடுக்கக்கூடாது. ஒயரின் மேலுறை தேய்ந்து வண்டியின் இரும்பில் பட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுக்கக் காய்ந்து வண்டியே தீப்பற்றும். 15 ஆம்பியர் பியூஸைப் பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்கவேண்டும். பெட்டியின் அருகில் மட்டும் பியூஸ் வைத்தால், நடுவில் உள்ள 5 மீட்டர் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. இரண்டு பாட்டரி வைப்பவர்கள் அவற்றை இணைக்கும் ஒயரை 10 சதுர மில்லிமீட்டராகப் போட்டு, அதன் இரு முனைகளிலும் பியூஸ் வைப்பது அவசியம். ஏனெனில் அந்த ஒயருக்கு இரு பக்கமிருந்தும் மின்சாரம் வருகிறது.

ஒயர் இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் புஷ் போடவேண்டும். முழு நீளத்துக்கும் நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, அடிக்கு ஒரு கட்டு வீதம் கட்டவேண்டும். சைலன்சர், டீசல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றின் அருகே கொண்டுபோகக்கூடாது.

பல பெட்டிகளில் பாட்டரியைக் காக்கும் அமைப்பு மூன்று நிலைகளில் இருக்கும். வண்டி பாட்டரியில் ஓட்டினால் உயர்ந்த நிலையில் வைக்கவேண்டும். தனிப் பாட்டரி லித்தியமானால் தாழ்ந்த நிலையிலும், ஈயமானால் நடு நிலையிலும் வைக்கலாம்.

பாடியில் பொருத்துதல்

60 லிட்டர் பெட்டியும் பாட்டரியும் சரக்கும் சேர்ந்து 50 கிலோவுக்குக் குறையாது. திடீர் பிரேக் போட்டால் இந்த எடை முழுவதும் முன்னோக்கிப் பாயும். எனவே பெட்டியைக் கேபின் சுவரை ஒட்டிய பக்கம் வைப்பதே சரி. பின் கதவின் அருகே குலுக்கல் மிக அதிகம்.

அடியில் கனமான பிளைவுட் பலகையும் அதன்மேல் ரப்பர் பாயும் விரிக்கவேண்டும். வெயிலில் காய்ந்த பாடித் தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அந்தச் சூடு பெட்டியின் அடியில் ஏறக்கூடாது. பலகையின் நாலு ஓரத்திலும் சட்டம் அடித்தால் பெட்டி நகராது. லாரிகளில் சரக்குக் கட்டும் இறுக்குப் பெல்ட் இரண்டால், பாடியில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளில் கட்டவேண்டும். வெறும் கயிறு குலுக்கலில் தளர்ந்துவிடும். மூடியைத் திறக்க ஒவ்வொரு முறையும் பெல்ட்டை அவிழ்க்க நேரிட்டால், நாளடைவில் கட்டாமலே ஓட்டத் தோன்றும். ஆகவே கைப்பிடிகள் வழியாகப் பெல்ட் போடுவது உத்தமம். தரையில் துளை போடவேண்டியிருந்தால் கீழே டீசல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் ஏதும் உள்ளதா என்று முதலில் குனிந்து பார்க்கவேண்டும்.

பெட்டி உள்ளிருந்து எடுக்கும் சூட்டைப் பக்கவாட்டுச் சல்லடை வழியாகத்தான் வெளியே விடுகிறது. அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விடவேண்டும். சாக்கு, கூடை எதையும் அங்கே சாய்க்கக்கூடாது. மேலே வெள்ளை நிறத் தார்ப்பாயில் பந்தல் போல் நிழல் போடவேண்டும். தார்ப்பாயைப் பெட்டியின்மேல் சுற்றிக் கட்டினால் மூச்சு முட்டி, கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடும். பெரும்பாலான பெட்டிகள் நேர் மழையைத் தாங்கமாட்டா. வண்டி கழுவும்போது பெட்டியை இறக்கிவிட வேண்டும். வாரம் ஒருமுறை சல்லடைத் தூசியைப் பிரஷ்ஷால் நீக்கவேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே வெல்டிங் வைத்து நிரந்தரமாக்காமல், கழற்றி இறக்கும்படி பொருத்துவதே நல்லது. இரவில் வீட்டில் குளிரவைக்கவும் அதுவே வசதி.

எல்லாச் சரக்கும் ஒன்றல்ல

சிப்பிக் காளானுக்கு 2 முதல் 5 டிகிரி ஏற்றது. தக்காளி, கத்தரி, வெள்ளரி, வாழைப்பழம் ஆகியவற்றை இந்தக் குளிரில் வைத்தால் தோல் கறுத்துச் சதை கெடும். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. கறந்த பால் 37 டிகிரிச் சூட்டில் இருக்கும்; கேன் கேனாக உள்ள பாலைக் குளிரவைக்க இந்தப் பெட்டியால் ஆகாது. அதற்குப் பால் குளிரூட்டும் நிலையமே வழி. கோழி, ஆடுகளுக்கான தடுப்பூசி மருந்தைக் கொண்டுவர 2 முதல் 8 டிகிரி வேண்டும். சில மருந்துகள் உறைந்தால் பயனற்றுப் போகும் என்பதால் ஐஸ் பாட்டிலை ஒட்டி வைக்கக்கூடாது. உணவுப் பொருளுடன் சேர்த்தும் வைக்கக்கூடாது. பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு தெர்மாமீட்டரைச் சரக்கின் நடுவே வைத்துப் பார்ப்பது நல்லது.

வாங்குமுன் ஒரு கணக்கு

ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். எத்தனை கிலோ வாடிப்போயிற்று, எத்தனை கிலோ விலை குறைத்து விற்றது, அதனால் நஷ்டம் எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு ஒரு மாதம், இரவில் வீட்டில் குளிரவைத்த காளானைக் கனமான தெர்மோகோல் பெட்டியில் நாலைந்து ஐஸ் பாட்டில்களுடன் கொண்டுபோய்ப் பாருங்கள். அரை நாள் வியாபாரம் செய்பவருக்குப் பெரும்பாலும் நஷ்டம் இதிலேயே நின்றுவிடும். அவருக்கு மின்சாரப் பெட்டி தேவையே இல்லை. ஏ.பி.கே. 2 போன்ற பால் காளான் வளர்ப்பவர்களுக்கும் அவசரம் குறைவு. அது சிப்பிக் காளானைவிட அதிக நாள் தாங்கும். அதன் பிறகும் மாதந்தோறும் நஷ்டம் வந்தால், அந்தத் தொகை எத்தனை மாதத்தில் பெட்டியின் விலையை ஈடுகட்டும் என்று பார்த்து வாங்கலாம்.

முன்பு சொன்ன விவசாயி பெட்டியை விற்றுவிடவில்லை. மாலையில் பறித்து, இரவில் குளிரவைத்து, 6 சதுர மில்லிமீட்டர் ஒயரும் பியூஸும் ரிலேயும் போட்டு, இரண்டு ஐஸ் பாட்டில்களுடன் போய் வருகிறார். இரண்டாவது பாட்டரி அவருக்குத் தேவைப்படவில்லை. கடைசிக் கடையில் இறக்கும் பொட்டலத்துக்கும் முதல் கடையின் விலையே கிடைக்கிறது. குளிரை வீட்டில் ஏற்றி, வண்டியில் காப்பாற்றுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். பெட்டி வாங்க எண்ணும் விவசாயிகள் இதை மனத்தில் கொண்டால், பணமும் பாட்டரியும் சரக்கும் மிஞ்சும்.